சும்மா என்று சொல்லாமல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையை ஓரமாக வைத்துவிடாதே, நல்ல செய்திதான். துரையின் கால் தேறிவிட்டது. நேற்றுக் காலை குதிரை டாக்டரம்மா ஸ்கேன் மெஷினோடு வந்து, முன்னங்காலை முழங்காலிலிருந்து குளம்பு வரைக்கும் தடவித் தடவிப் பார்த்து, தசைநார் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார். லாயத்து முதலாளியம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். இனி அவனை வெளியே கொடுக்கிற பேச்சே இல்லை. இந்த வரி வரைக்கும் படித்துவிட்டு ஒரு முறை நன்றாக மூச்சு விட்டுக்கொள். நானும் நேற்று அதைத்தான் செய்தேன்.

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் போன் வழியாக என்னிடம் வந்து சேருகிறது. அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவார். நான் குழாயை மெல்லியதாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற பாவனையில் ஒட்டுக்கேட்பேன். நீ துரையைப் பற்றிக் கேட்பாய். அவர், காலை முப்பது நிமிஷம், மாலை முப்பது நிமிஷம் வெளியே விடுகிறோம் என்பார். கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு நிமிஷம்தான் சொல்லத் தெரியும், கதை சொல்லத் தெரியாது. அதனால் கதையை நான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் வாய் ஒழுங்காக இருக்காது, உனக்குத் தெரியும்.

ஈரத்தில் துள்ளி விளையாடி வேலியோரம் வழுக்கி விழுந்தான் என்பதுவரை அப்பா சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு ஆறு வாரம் கொட்டடியை விட்டு அசையக்கூடாது என்று உத்தரவு. இரண்டு வயதுப் பயலை ஆறு வாரம் நாலு சுவருக்குள் நிறுத்துவது என்றால் யோசித்துப் பார். சுவரை உதைத்தான், தீனித் தொட்டியைக் கடித்தான், என் துப்பட்டாவில் பாதியைத் தின்றான். ஆறு வாரம் முடிந்ததும் டாக்டரம்மா, லாயத்துக்குப் பின்னாலிருக்கிற சின்னத் தடுப்பில் தினம் இரண்டு வேளை அரைமணி நேரம் விடலாம் என்றார். நடக்கலாம், ஓடக்கூடாது. அரைமணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது. நிமிஷம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா தாமாகவே முன்வந்து, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் லாயத்துப் பக்கம் வந்ததே அதுதான் முதல் தடவை. அவருக்குக் குதிரை என்றால் பயம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

முதல் நாள் துரை பெரிய மனுஷன்போல் நடந்தான். நேரமானதும் நான் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு கேரட்டை நீட்டி, வாடா ராசா, சும்மாதான், சும்மா வா என்று கூப்பிட்டேன். வந்தான். கேரட்டைக் கடித்தான். பிடித்துக் கட்டி உள்ளே கொண்டுபோய் அடைத்துவிட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு! மறுநாள் கழுத்தை மட்டும் எட்டி நீட்டி, உதட்டாலேயே கேரட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்து கூப்பிட்டதுமே எதிர் மூலைக்குப் போய்விட்டான். அவனைப் பிடிப்பது நிஜமாகவே குதிரைக்கொம்பு ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் நானும் லாயத்து ஆட்கள் இருவரும் சேர்ந்து துரத்தினோம். ஒரு மணி நாற்பது நிமிஷம், அப்பாவின் கணக்குப்படி. அவன் சுற்றிச் சுற்றி ஓடினான், திரும்பினான், எகிறினான். அன்று மாலை அந்தக் கால் வீங்கி, தொட்டால் கை சுட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்தவள் நான்தான்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. இன்னொரு முறை இப்படி ஓடினால் இந்தக் காலை மறந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். முதலாளியம்மாவும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான், நொண்டிக் குதிரையும் நல்ல குதிரை அளவுக்குத்தான் சாப்பிடுகிறது. அவர் கெட்டவர் இல்லை, அவருடைய பாடு அவருக்கு. வெளியே விடாமலே வைத்திருக்கலாம் என்றால் சுவரை உதைத்தே காலைக் கெடுத்துக்கொள்வான். தாய் செத்த பத்து நாள் குட்டிக்கு இரண்டு மணிக்கொரு தரம் புட்டியில் பால் கொடுத்து நீ வளர்த்த பிள்ளை அவன். நீ மனசு விட்டுப்போய் இங்கே வந்திருந்த அந்த நாலு மாதமும் அவன்தான் உன்னைச் சாப்பிட வைத்தான், தூங்க வைத்தான். அவனை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன் என்று உனக்கு எந்த வாயால் சொல்வேன் என்று எனக்கு ஒரே கலக்கமாக இருந்தது.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். வேலிக்கு வெளியே உட்கார்ந்து கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டரம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார்: "அது கயித்தப் பாத்து ஓடல. நீ 'சும்மா'ன்னு சொன்னதும்தான் ஓடுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். துரை என்று பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன், காதை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். இப்போது வழக்கமாகக் கூப்பிடுகிறபடி கூப்பிடுங்கள் என்றார். சும்மா வாடா என்றேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போடும்போது சும்மாடா என்றிருக்கிறேன். கட்டு மாற்றும்போதும் அதேதான், மருந்தைத் தொண்டையில் ஊற்றும்போதும் அதேதான். அவன் பிறந்ததிலிருந்து நான் சும்மா என்று சொல்லி ஒரு தடவையாவது சும்மா விட்டதில்லை. சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா?

அன்று மாலை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். எதை நினைத்து உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். சும்மா ரெண்டு நாள் வந்துட்டுப் போ என்று உனக்குப் போன் செய்தேன். தோள்பையும் நீயுமாக வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஹாலில் நீ பிரிந்து வந்த உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். வாசலிலேயே நின்று, "அம்மா, இனிமே எங்கிட்ட 'சும்மா'ன்னு சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. இவ்வளவு திமிரா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பயம் என்று நீ சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

சரி, துரைக்கு வருகிறேன். டாக்டரம்மா சொன்ன வைத்தியம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. கயிற்றை மறைக்காதீர்கள், தோளில் நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றும் பேச வேண்டாம். அரைமணி நேரத்தில் ஐந்தாறு முறை உள்ளே போய், அவன் நிற்க விட்டால் கழுத்தைச் சொறிந்துகொடுத்துவிட்டு, பிடிக்காமலே திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு பிடிக்க வேண்டும், உடனே விட்டுவிட வேண்டும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு, கடைசி முறை மட்டும் உள்ளே கூட்டிப்போக வேண்டும். பிடித்தால் அடைப்பு என்றுதான் அவன் படித்திருக்கிறான், அந்தப் பாடத்தை அழியுங்கள் என்றார். அவன் ஓட இடமில்லாதபடி தடுப்பையும் பாதியாகக் குறுக்கினோம். அழிகிற வரைக்கும் கால் தாங்குமா என்று கேட்டேன். அது எனக்கும் தெரியாது என்றார்.

நாலு நாள் சொன்னபடி செய்தேன். எட்ட நின்றவன் கொஞ்சம் கொஞ்சமாக என்னை அண்ட விட்டான். அழைத்துப்போக முடியாத வேளைகளில் தடுப்பின் கதவைக் கொட்டடிக் கதவோடு சேர்த்துத் திறந்துவைத்துவிட்டு நான் மறைந்துகொள்வேன், அவனே பசிக்குப் போய்விடுவான், எப்போது என்பதுதான் அவன் இஷ்டம். ஐந்தாம் நாள் என் புத்தி பழையபடி போனது. இவ்வளவு பக்கத்தில் நிற்கிறானே என்று பாய்ந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். அவன் உதறிய உதறலில் நான் சேற்றில் உட்கார்ந்தேன். அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து ஓடி வந்தார், வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வரைக்கும். நல்ல வேளை, கால் சுடவில்லை. ஆனால் நாலு நாள் சம்பாதித்தது ஒரு நொடியில் போயிற்று. ராத்திரி முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டு அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பதினோராம் நாளோ என்னவோ, அப்பாவுக்குத்தான் தெரியும், தடுப்பின் நடுவில் போய் நின்று அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய்த்தான். தோளில் ஏதோ சூடாகப் பட்டது. திரும்பினால், கயிற்றின் மேலேயே மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றை மாட்டினேன், அசையவில்லை. கிளம்பப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா மெல்ல, "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றார். கயிற்றைக் கழற்றிவிட்டேன். அவன் போகவில்லை. அந்த ஒரு நிமிஷமும் அவன் என் பக்கத்திலேயே நின்றான். நேரமானதும் மாட்டினேன், கூடவே நடந்து வந்தான். அதற்குப் பிறகு ஒரு வேளைகூட ஓடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பெரிய மைதானத்தில் ஒரு மணி நேரம் விடலாமாம். அப்பா ஸ்டூலுக்கு மெத்தை தைத்திருக்கிறார்.

இனி எழுதப் போவதற்காகத்தான் நாலு தாள் வாங்கினேன். உன் பேருக்கு வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்திருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, கடிகார மேஜையின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். நான் பிரிக்கவில்லை. விளக்கில் காட்டியும் பார்க்கவில்லை. நான் பிரிக்காமல் இருந்தேன் என்பதை நீ நம்ப மாட்டாய், அப்பாவைக் கேட்டுக்கொள்.

இன்னொன்று. அன்று உன் வீட்டுக்காரர் தற்செயலாக வந்ததாக உன்னிடம் சொன்னேன். போனில் சொன்னேன், உன் அத்தையிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். அவர் தற்செயலாக வரவில்லை. நான்தான் வரச் சொன்னேன். நீ வருகிற ரயிலின் நேரத்தைச் சொன்னதும் நான்தான். அப்பாவுக்கு இது போன வாரம் வரை தெரியாது. உன் நல்லதுக்குத்தான் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே பார், கறுப்பாக இருக்கிறதே, அதுதான். நல்லதுக்கோ கெட்டதுக்கோ, கயிற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உன்னைக் கூப்பிட்டேன். என்னை மன்னித்துவிடு கண்ணு.

இப்போதும் உன்னைக் கூப்பிடத்தான் எழுதுகிறேன். சும்மா இல்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அதுதான் காரணம், வேறு ஒளிவு மறைவு கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்பேன், ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்பேன். அந்த இரண்டையும் கேட்காமல் இருக்க என்னால் ஆகாது. மூன்றாவது கேள்வி வந்தால் எழுந்து துரையிடம் போய்விடு. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம். திரும்பிப் போகிற டிக்கெட்டை முதலில் எடுத்துக்கொள், வருகிற டிக்கெட்டைப் பிறகு எடு. அன்றே கிளம்புவதானால் மாலை நாலு பத்துக்கு ஒரு ரயில், தங்கினால் மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு ஒன்று என்று அப்பா எழுதச் சொன்னார். எந்த ரயிலானாலும் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே உன்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பாம். நான் வழியில் நிற்க மாட்டேன். வந்துவிட்டுப் போ, கண்ணு.

கயிற்றைத் தோளில் தெரியப் போட்டுக்கொண்டு நிற்கும்,
உன் அம்மா