புங்க மரத்துக்கு எதிர் வீடு

அன்புள்ள பாய்,

இன்று காலை உங்கள் மரத்தடியைக் கடப்பாரையால் கொத்திக்கொண்டிருந்தேன். பயப்படாதீர்கள், இந்த முறை நல்ல எண்ணத்தோடுதான். நம் தெருவுக்கு சிமென்ட் ரோடு போடுகிறார்கள். அடுத்த தெருவில் போய்ப் பார்த்தேன். அடிமரம்வரை கலவையைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் இரண்டு வேப்ப மரங்களும் கழுத்துப் பட்டனை இறுக்கிப் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி நிற்கின்றன. அவர்கள் இங்கே வருவதற்குள் வேரைச் சுற்றி ஒரு வட்டம் எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு சாண் ஆழத்தில் ஏதோ சிக்கியது. இழுத்தால் மக்கிப்போன தேங்காய் நார். அதோடு ஒரு முழம் சிவப்பு ரெக்சின், உங்கள் இரட்டைத் தையலோடு.

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் துக்கம்தான் முதலில் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பொய். 'பார், மண்ணுக்குள்ளே இத்தனை வருடம் கிடந்தும் இந்த மனுஷன் தையல் பிரியவில்லை' என்று பொறாமைதான் முதலில் வந்தது.

நம் தெருவில் முதலில் வீடு கட்டியவன் நான். மேடவாக்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அன்றைக்கு இருந்ததெல்லாம் என் வீடும் முள்ளுப் புதரும் பாம்பும்தான். இரண்டு வருடம் கழித்து எதிர் மனையில் நீங்கள் வந்தீர்கள். உங்களுக்குத் தாம்பரத்தில் காருக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிற கடை. எனக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. உங்களை எல்லோரும் பாய் என்றார்கள், என்னை எல்லோரும் சார் என்றார்கள். நாமும் அப்படியே பழகிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் மரக்கன்றுகளைக் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தார்கள். நான் முண்டியடித்து மே ஃப்ளவர் கன்றை எடுத்தேன். செக்கச்செவேல் என்று பூக்கும், தெருவே என் வாசலை அண்ணாந்து பார்க்கும் என்று ஆசை. நீங்கள் கடைசியாக வந்தீர்கள். இலை சுருண்ட ஒரு புங்கன் கன்றுதான் மிச்சம். "யாரும் எடுக்காம நிக்குது சார். நாமளே எடுத்துப்போம்" என்றீர்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு மூன்று மாதம். என் கன்றை ஆடு தின்றது. வாங்கிவந்து வைத்த இரண்டாவதற்கு, உங்களுக்குப் போட்டியாக வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகிப் போனது. மூன்றாவது முழங்கால் உயரத்தோடு நின்று குச்சியாகக் காய்ந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டையும் சிமென்ட் கட்டியையும் வாசலில் பள்ளம் தோண்டிப் புதைத்து, மேலே நாலு கூடை செம்மண் பரப்பியது நானேதான்.

நீங்கள் உங்கள் கன்றுக்காகத் தனியாக மெனக்கெட்ட மாதிரியே தெரியாது. என் வயிற்றெரிச்சலே அதுதான். பழைய சீட்டைப் பிரித்தால் வரும் தேங்காய் நாரைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து வேரைச் சுற்றிப் புதைப்பீர்கள். ஒரு சொம்பு ஊற்றினால் மூன்று நாள் ஈரம் நிற்கும். தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடத்தோடு நின்ற கோடைகளில், மனுஷனுக்கே இல்லை என்று நான் செடிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் காலைத் தொழுகைக்கு ஒளு செய்ய முக்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, மரத்தடியில் உட்கார ஆரம்பித்தீர்கள். கை, வாய், முகம், கால் என்று கழுவிய தண்ணீரெல்லாம் வேருக்குப் போனது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் மறுபடி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நமக்கு இது தோன்றவில்லையே என்றிருக்கும். தோன்றியிருந்தாலும் என்ன, நான் பல் தேய்த்துத் துப்புகிற தண்ணீரில் ஒரு மரம் வளருமா?

நீங்களும் ஒன்றும் சாது இல்லை. ஞாயிறு மதியம் மரத்தடியில் பிரம்பு நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வாங்க சார், நம்ம ஏசி ரூமுக்கு" என்று கூப்பிடுவீர்கள். என் வாசலில் காய்ந்த குச்சி கண்ணெதிரே நிற்கும்போதே, "உங்க செடி எப்டி கீது சார்?" என்று தினமும் விசாரிப்பீர்கள்.

"இருக்கு பாய்."

"இருக்கட்டும் சார், இருக்கட்டும்" என்று தாடிக்குள் சிரித்துக்கொள்வீர்கள்.

ஐந்தாறு வருடத்தில் அது தெருவுக்கே மரம் ஆகிவிட்டது. இஸ்திரி வண்டி அங்கே நின்றது. கீரைக்கார அம்மா கூடையை அங்கேதான் இறக்கினார். சித்திரையில் பூ கொட்டினால் தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். கடைசியில் என் மனைவியும் கட்சி மாறினாள். முருங்கைக்கீரை ஆய வேண்டும் என்றால் முறத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து உங்கள் வீட்டம்மாவோடு உட்கார்ந்துவிடுவாள். "நம்ம வாசல்ல உக்காந்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம வாசல்ல என்ன இருக்கு?" என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வழி தெரியாமல் போன் செய்தார். கதவு நம்பர் சொன்னேன், தெருப் பெயர் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார். "பாய் வூட்டு புங்க மரத்துக்கு எதுத்த வூடுதானே சார்? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

தெருவின் முதல் வீடு, பாய். பாம்பு அடித்துக் குடியேறிய வீடு. அன்று மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லையா, தண்ணீர் லாரி வரவில்லையா, மனு எழுத எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ரிஜிஸ்தர் எழுதி எழுதி அச்சாகிப்போன கை. "சார் எழுதினா பல்பு எரியும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவரே நீங்கள்தான். அந்தக் கையால் மின்வாரிய ஆபீசுக்கு எழுதினேன். மரக்கிளை மின்கம்பியில் உரசுகிறது, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து, உடனே அகற்ற வேண்டும். பெயர் போடவில்லை. 'இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.' மறுநாள் வேலைக்குப் போகும்போது தாம்பரம் ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டேன். நம் பக்கத்துத் தபால்பெட்டியில் போடக்கூடாது என்கிற அளவுக்கு மூளை வேலை செய்தது. கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மொட்டைக் கடிதத்தைக்கூடக் கோணலாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாளில் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். கம்பி தெருப் பக்கம் ஓடுவதால் தெருப் பக்கத்துக் கிளைகளை எல்லாம் வெட்டி இறக்கினார்கள். மிச்சத்தை அடுத்த வாரம் அடியோடு எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது இலைக்குவியலின் பச்சை வாசனை தெருமுனைவரை வந்தது.

என் வீடு மேற்குப் பார்த்த வீடு என்பதையே நான் மறந்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் உங்கள் மரத்தின் நிழல் தெருவைத் தாண்டி வந்து என் முன்சுவரில் ஏறும். இத்தனை வருடமும் அது உங்கள் வாசலில் நின்றுகொண்டு எனக்குத்தான் குடை பிடித்திருக்கிறது. மறுநாள் ஞாயிறு. நான்கு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. மின்விசிறி அனலை வாரி இறைத்தது. தெருப்புழுதி நேராகக் கூடத்துக்குள் வந்தது. என் மனைவி ஜன்னலில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டே, "எந்தப் பாவி எழுதிப் போட்டானோ, அவன் வீட்ல நெருப்பு விழ" என்றாள். அது விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் மோரைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் வெள்ளைத்தாள்.

"ஆபீசுக்குப் போய்ட்டு வரேன் சார். எவனோ மொட்டை லெட்டர் போட்டுக்கிறான். எடுத்துக் காட்னாங்க."

"அப்படியா பாய்" என்றேன்.

"அத்த வுடுங்க. ஆனா கையெழுத்து இன்னா அழகு தெரியுமா சார். முத்து முத்தா கீது. நின்னு ரெண்டு தபா படிச்சேன்." என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் இருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள். "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. மரம் இருக்கணும்னு."

பேனாவை எடுத்தேன். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன். ஒரு வரி முடிந்ததும் நீங்கள் தாளை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தீர்கள். "வேணாம் சார். எப்பவும் எழுதற மாதிரியே எழுதுங்க. அப்பதான் பல்பு எரியும்."

மரத்தால் என்ன பயன் என்று எழுத வேண்டும். "நெழல் குடுக்குது. வேற இன்னா சார்" என்று நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். எனக்கோ நிறுத்தவே முடியவில்லை. இஸ்திரிக்காரர் நிழல் நகர நகர எத்தனை மணிக்கு வண்டியை எந்தப் பக்கம் தள்ளுவார், மழைக்கு மற்ற வாசலெல்லாம் குளமாகும்போது உங்கள் மரத்தடி மட்டும் எப்படித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மணல் லாரி போனால் புழுதியை எந்தக் கிளை வாங்கிக்கொள்ளும், குயில் எந்த மாதம் வரும், எதிர் வீட்டுச் சுவர் எத்தனை மணிக்குக் குளிரும், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. வளர்த்தவர் நீங்கள். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பொறாமைப்படுகிறவன் மாதிரி ஒரு பொருளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கம் வந்தது. நீங்கள் கீழே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனீர்கள்.

ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மரத்தடியிலேயே நின்று உங்கள் வீட்டு மோரைக் குடித்தார். கம்பி பக்கம் வளரும் கிளையை மட்டும் வருடா வருடம் ஆள் வந்து கழித்தால் போதும் என்று எழுதிக்கொண்டு போனார். புங்கன் அடுத்த கோடைக்குள் தழைத்துவிட்டது. நிழல் மறுபடியும் என் சுவரில் ஏறியது.

அதன்பிறகும் நான்கு வருடம் எதிரும் புதிருமாக இருந்தோம். ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை. ஏசி ரூமுக்குக் கூப்பிடுவது நிற்கவில்லை. "உங்க செடி எப்டி கீது" என்பது மட்டும் நின்றுபோனது. அதுதான் என்னைக் குத்தியது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய்வரை வரும். சொன்னால் நீங்கள் பெரிய மனுஷனாக மன்னித்துவிடுவீர்கள், அதையும் வேறு நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று விழுங்கிவிடுவேன்.

கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் நீங்கள் போனீர்கள். அன்று வந்த கூட்டத்துக்குப் பந்தலே தேவைப்படவில்லை. மரத்தடி போதுமாக இருந்தது. நானும் ஓரமாக நின்று அழுதேன். அழுதுகொண்டே, நான் போனால் இதில் பாதி வருமா என்று எண்ணிப் பார்த்தேன். என் புத்தி அது. பிறகு உங்கள் வீட்டம்மாவை மகன் பொழிச்சலூருக்கு அழைத்துப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. பிரம்பு நாற்காலியை என் மனைவி எங்கள் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் ஒரு வாளித் தண்ணீர் நான் ஊற்றுகிறேன்.

இன்று ரோடு போடுகிற மேஸ்திரி வந்தார். நான் கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்து, "இன்னா சார், ஒன் மரமா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு சொல் எவ்வளவு இனித்தது தெரியுமா, பாய். இத்தனை வருடம் ஏங்கிய சொல். என் இடது கையில் உங்கள் ரெக்சின் இருந்தது.

"அப்ப எழுதிக் குடு சார். சுத்தி மூணடி வுட்டுட்டுப் போட்டுக்கறோம். நாளிக்கு சூப்பர்வைசர் கேட்டா காட்டணும்."

பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்து எழுதினேன். 'இது என் மரம் இல்லை. எதிர் வீட்டில் இருந்த பாய் வைத்து வளர்த்த மரம். இதை வெட்டச் சொல்லி முன்பு பெயர் போடாமல் எழுதியவன் நான். வேரைச் சுற்றி மூன்றடி விட்டுப் போடவும்.' கீழே என் முழுப் பெயர், கதவு எண், தெருப் பெயர். கொடுக்கப் போகும்போது மறுபடி வாங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்தேன். 'புங்க மரத்துக்கு எதிர் வீடு.'

மேஸ்திரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

"கையெழுத்து முத்து முத்தா கீது சார்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
நீங்கள் சார் என்று கூப்பிட்ட எதிர் வீட்டுக்காரன்