சும்மா இருந்த வலது கை

அக்கா,

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசி குத்துவதற்கு முன் அந்தப் பெண் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் முழங்கையின் உட்பக்கத்தைத் துடைத்தாள். அந்தக் குளிர்ச்சியும் வாடையும் போதுமாக இருந்தது. புதுக்கோட்டையில் அந்த ஜன்னலோரக் கட்டில், பக்கத்துக் கட்டிலில் நீங்கள், வயிற்றின் மேல் விரித்து வைத்த உங்கள் படநோட்டு, எல்லாம் வந்துவிட்டன. "சார், கைய இறுக்காதீங்க" என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது வாரத்தில் மூன்று நாள் நமக்கு டயாலிசிஸ். நான் அரிமளத்திலிருந்து வருவேன், நீங்கள் அறந்தாங்கியிலிருந்து. இரண்டு பேருக்கும் இடது கையில்தான் ஊசி. அதை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கும். மற்றவர்கள் அந்தக் கையில் செல்போனை வைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பென்சில் வைத்திருந்தீர்கள். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நோட்டோடு வாங்கிக் கொடுத்தது. மூன்று வாரமாக அதில் ஒரு கோடுகூட விழவில்லை.

"தம்பி, நீ என்ன வேல பாக்குற?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

"வீட்டுக்குப் பிளான் போட்டுக் குடுக்குறேங்கா."

"அப்ப ஒனக்குப் படம் வருமே! என்னத்த வரையிறதுன்னு சொல்லேன்."

பத்து வருடமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் வருகிறவர்கள் கேட்ட கோடு. பூஜை அறை இங்கே, மாடிப்படி அங்கே. நானாக ஒன்றை வரையலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதைச் சொன்னேன். "எனக்கும் அதே கததான்" என்றீர்கள். "மயில் போடலாமா, கோபுரம் போடலாமான்னு யோசிச்சே மூணு வாரம் ஓடிருச்சு. நோட்டு புதுசா இருக்கா, பெருசா எதாச்சும் போடணும்னு தோணுது. பெருசா எதுவும் கைக்கு வர மாட்டேங்குது."

பிறகு தலையைச் சாய்த்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தீர்கள். "சரி, என் செருப்பப் போடுறேன்."

வார் அறுந்து ஊக்கு குத்திய அந்த ரப்பர் செருப்புதான் உங்கள் முதல் படம். பார்த்தால் படகு மாதிரி இருந்தது. ஆனால் ஊக்கு அப்படியே ஊக்காக இருந்தது. அடுத்த தடவை நானும் ஒரு நோட்டு வாங்கி வந்தேன்.

படுத்தபடி கண்ணுக்கு எட்டுவதைத்தான் வரைய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மின்விசிறி, திரைச்சீலை, எதிர்க் கட்டில் பெரியவரின் பாதம், பாதி உரிந்த பிளாஸ்திரி. ஒரு மாதத்தில் அந்த அறை தீர்ந்துபோனது. அப்புறம் டாக்டர் நமக்கு வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் வரைய ஆரம்பித்தீர்கள். இளநீர், பலாச்சுளை, வாழைப்பழம், நிறைந்த தண்ணீர்ச் செம்பு. அளந்து அளந்து தண்ணீர் குடித்த நமக்கு அந்தச் செம்பைப் பார்க்கவே நாக்கு வறண்டது.

"தண்ணி நிக்கிற மாதிரி தெரியுதா?"

"வழியுதுக்கா."

"ஐயோ, யாராச்சும் தொடைங்க!"

நர்ஸ் ஓடி வந்தார். நாம் சிரித்த சிரிப்பில் உங்கள் மெஷின் கத்திவிட்டது.

அதுவும் தீர்ந்த பிறகுதான் கதவுகள் வந்தன. உடம்பு முடியாமல் போகும்வரை நீங்கள் சைக்கிளில் போய்த் தபால் கொடுத்தவர். எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன கதவு என்று கண்ணை மூடிச் சொல்வீர்கள். "இந்த வீட்டுல மகன் குவைத்துல. மணியார்டர் காலத்துலயே எனக்குப் பழக்கம். கதவத் தட்ட வேண்டாம், சைக்கிள் மணி கேட்டா அந்தம்மா தாழ்ப்பாள நீக்கிரும்." நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். நிலைப்படியின் அகலம் எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் நிற்கிறவர்களை உங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் என் ஆத்தாவின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று பரிசோதனை முடிவு வந்தது. அப்பா போன பிறகு தனியாளாக என்னை வளர்த்த அம்மா. போதாதென்று உடம்பை அறுத்தும் கொடுக்க வேண்டுமா என்று எனக்குக் கசந்துபோனது. "அந்தப் பேச்ச எடுக்காத" என்று ஆத்தாவிடம் கத்தினேன். அடுத்த வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு வரவில்லை. சனிக்கிழமையும் கிளம்பவில்லை. எதற்காக என்று உங்களிடம்கூடச் சொல்லவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தேன். அப்போதுதான் உங்கள் போன்.

"எங்க இருக்க?"

"வீட்டுலதாங்கா. ஒடம்பு முடியல."

"முடியலன்னாதாண்டா இங்கிட்டு வருவாங்க." பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. "பச்சக் கதவு பாதியில நிக்குது. தாழ்ப்பா போடல. ஒன்னய விட்டா அத யாரு போடுவா? கெளம்பி வா."

பக்கத்து வீட்டுக் காரில் ஆத்தா என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஊசி ஏறி மூச்சு சீரான பிறகு உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் புத்தி சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஒங்க ஆத்தா மூஞ்சி எப்புடி இருக்கும்?" என்று கேட்டீர்கள்.

சொல்ல வாயெடுத்தேன். மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பரிசோதனைப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மாதமாக நான் அந்த முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"செவ்வாக்கெழம வரைஞ்சு கொண்டா. போட்டோவப் பாத்துப் போட்டா சேத்துக்க மாட்டேன்."

மறுநாள் காலை ஆத்தா கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா இப்புடிப் பாக்குற?"

"படம் போடுறேன். அசையாம இரு."

நெற்றியைப் போட்டேன். மூக்கைப் போட்டேன். மூக்குத்தி வலப்பக்கம். கண்ணுக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் நிமுந்து பாக்குற" என்றார். "ஆபரேசன் எனக்கு. பயம் மட்டும் ஒனக்கா?"

"ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னாத்தா பண்ணுவேன்?"

"இந்தக் கேள்விய நான் ஒன்னய நெனச்சுத் தெனமும் கேக்குறேன்டா. நீ ஒரு தடவ கேட்டதுக்கே ஒனக்குத் தாங்கல."

அந்தப் படத்தை அதற்கு மேல் முடிக்க முடியவில்லை. அப்படியே உங்களிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தீர்கள். "கண்ணு சரியா வரல. ஆனா பாத்திருக்கன்னு தெரியுது" என்றீர்கள். சரி என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன். நோட்டை மூடி என்னிடம் நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

உங்களுக்குக் கொடுக்க யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்த உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மகளிடம் வாங்க நீங்கள் சம்மதிக்கவில்லை. நான் கிளம்பிப் போக, நீங்கள் அதே கட்டிலில் இருக்க வேண்டும். நோட்டைப் பையில் வைத்தேன். நீங்கள்தான் பேசினீர்கள்: "போயிட்டு வா. மதுரையில ஆசுபத்திரி ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லணும். கேட்டு நான் வரைவேன்."

சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஏறி நிற்கும் ஒரு கருப்பு ஆடு. "ஆடு எப்புடிடா மேல போச்சு?" என்று போனில் சிரித்தீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆட்கள் கூடும் இடத்துக்கு நான் போகக் கூடாது என்றார்கள். இரண்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நாளில் தவறாமல் வரும் உங்கள் போன் வரவில்லை. வார்டு டெக்னீசியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார். நீங்கள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. உங்களைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னால் வர முடியவில்லை, அக்கா. அதன் பிறகு பல மாதம் நான் பென்சிலைத் தொடவில்லை.

வெளியே போகலாம் என்றான பிறகும் அறந்தாங்கி பஸ்ஸில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. போன தை மாதம்தான் போனேன். உங்கள் வீட்டுக்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கமாக நானும் அவரும் புரட்டினோம்.

"போன்ல பேசுறப்பல்லாம் படம் போட்டேன், படம் போட்டேன்ம்பா" என்றார். "அவ ஒக்காந்து வரைஞ்சு நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல தம்பி. லீவுல வந்தாலும் வீட்டுல இதத் தொட மாட்டா. ஆசுபத்திரியிலதான் கை வருதும்பா. அவ மூஞ்சிக்குப் போட்டோ இருக்கு. எப்புடி வரைவான்னு காட்டுறீங்களா?"

என் பையில் பழைய நோட்டு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து போட்டேன். மடக்கி நிறுத்திய முழங்கால், அதில் சாய்த்த நோட்டு, அசையாத இடது கை, பென்சிலின் நுனியை நெருக்கிப் பிடித்த வலது கை, வாயோரம் கடித்திருக்கும் நாக்கு.

"பென்சில இவ்வளவு கிட்டத்துலயா புடிப்பா?"

"ஆமாங்க. அழுத்தித்தான் போடுவாங்க. அடுத்த பக்கத்துலயும் பதிஞ்சிருக்கும்."

அவர் உங்கள் நோட்டை எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வரைந்த தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களை வரைந்த படம் இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுபடி தினமும் வரைகிறேன். என்ன வரைவது என்று தெரியாத நாளில் மயிலையும் கோபுரத்தையும் தேடுவதில்லை. இன்று எதைப் பார்க்காமல் தாண்டி வந்தேன் என்று யோசிக்கிறேன். ஒன்று எப்படியும் அகப்படும்.

நேற்று ஆத்தாவின் விலாப்பக்கத் தழும்பை வரைந்தேன். எனக்குக் கொடுப்பதற்காக அறுத்த இடம். இதுவரை அதை ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. நேற்று அவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு கூச்சத்தோடு திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தையலாகப் போட்டேன். முடித்துக் காட்டியதும் நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நெசமாவே இம்புட்டு நீளமாடா?"

"ஆமாத்தா. அளவு சரிதான்."

"எனக்குத் தெரியவே தெரியாது பாரு. பின்னாடில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போனார்.