எறும்புச் சிலந்திக்கு என் பெயர்

13 ஜூன் 1960, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. இவருடைய போத்தல்களைத் துடைத்து அடுக்கினேன். எல்லாம் ஸ்பிரிட்டில் போட்ட எறும்புச் சிலந்திகள், தேயிலைச் செடியில் பிடித்தவை. பார்த்தால் எறும்பு, எண்ணினால் எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பு மீசைபோல ஆட்டி ஊரை ஏமாற்றும்.

இவர் சித்திரையில் காய்ச்சலில் போனார். கடைசிவரை இதே பேச்சு. அந்தப் பேரினத்தில் யாரும் அறியாத ஓர் இனம் கிடைத்துவிட்டதாம். அதற்கு என் பெயர். லத்தீனில் பெண் பெயரை ஏகாரத்தில் முடிக்க வேண்டுமாம். ஆகவே கமலே. வாசலிலிருந்து அப்படிக் கூப்பிடுவார். நான் திரும்பினால், "உன்னை இல்ல, பூச்சிய" என்பார்.

15 ஜூன், புதன்
உப்பு வாங்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. மகன் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

இவர் பிரித்த விதம், மறக்காமலிருக்க:
பெண் - தாடை குட்டை.
ஆண் - தாடை தலையைவிட நீளம். வாயோரக் குறுங்கால்களின் நுனி உருண்டை.
கமலே - நுனி உருண்டை, ஆக ஆண்தான். தாடையோ குட்டை. அதனால் புது இனம்.

பள்ளிக்கூட வேலியில் உயிரோடு ஒரு கமலே. ஜாம் போத்தலில் விட்டுத் துணி கட்டினேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள்: "டீச்சரம்மா பூச்சிகிட்ட பேசுறாங்க, பாவம்." பேசினேன்தான்.

18 ஜூன், சனி
பஸ் இல்லை, உப்பு வாங்க ஹட்டன் டவுனுக்குப் போகவில்லை. கமலே ஈயைத் தொடவில்லை. வெள்ளையாய் நூல் பின்னி உள்ளே முடங்கிவிட்டது. இதுவும் செத்துவிடும் என்று அழுதேன். அத்தை பக்கத்தில் வந்தார்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்கள்.

21 ஜூன், செவ்வாய்
வெயில். நூல்கூட்டில் வெறும் தோல், குட்டைத் தாடையோடு. பக்கத்தில் நீளத் தாடையோடு ஓர் ஆண். லென்ஸை வைத்து மறுபடி மறுபடி பார்த்தேன். போத்தல்களில் நிறையக் கிடக்கும் அதே சாதாரண இனம். கடைசித் தோலை உரித்த பிறகுதான் தாடை நீள்கிறது. கமலே என்று ஓர் இனமே இல்லை, முழுதாக வளராத பயல்தான்.

என் பெயர் போச்சு. ஆனாலும் சந்தோஷம். இவருக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். எல்லாம் மறந்து வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன்: "ஏங்க, ஓடியாங்க, இத வந்து பாருங்க."

அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்கள்.