பெயர் எழுதிய காகிதம்

காவாந்தண்டலம்
12.6.2003

அன்பு மலருக்கு,

ஞானசுந்தரி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு வாரமாகப் பதறிக்கொண்டே இருக்கிறது. நீ மெட்ராஸ் போய் ஐந்து மாதம், வந்ததோ இரண்டே கடிதம். கம்ப்யூட்டர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை கிடைத்ததும் பேனா பிடிக்க மறந்துவிட்டாயா? சரி, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

எங்கள் பழங்குடி மக்கள் சங்கத்துக்கு யாரோ புண்ணியவான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் உங்கள் கம்பெனியுடையதுதான். உத்திரமேரூர் அலுவலகத்தில் அதைத் தொடுவது நான் ஒருத்தி மட்டும். அது இப்போது அடிக்கடி ஹேங் ஆகிறது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். திடீரென்று திரையில் அந்த அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எதை அழுத்தினாலும் கேட்காது. ஸ்விட்சை அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும், இனிமேல் எழுந்திருக்காதோ என்று ஜெபம் பண்ணுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன தெரியுமா? எங்கள் ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் நாற்பத்தொரு குடும்பத்தின் வம்சாவளி. ஜாதிச் சான்றிதழுக்கு அடுத்த மாதம் 21ஆம் தேதி ஆர்.டி.ஓ. விசாரணை. தாத்தா பெயர், பாட்டி பெயர், எந்த ஊர், எந்தச் சொந்தக்காரருக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது என்று மூன்று மாதம் வீடு வீடாக உட்கார்ந்து கேட்டேன். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கண்ணகி அக்காவிடம் கேட்டால், "தை மாசம் முடிஞ்சா இன்னா வரும், அதான்" என்கிறாள். மாசி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறார்.

அந்த மாசி அண்ணன்தான் நிபந்தனை போட்டார். "பேர் எய்தின காயிதம் வூட்டுக்கு வெளிய தங்கக் கூடாது, தங்கச்சி. முன்னயும் இப்டித்தான் ஒருத்தன் லிஸ்ட்டு எய்திக்கினு போனான். மறுநாளே ஜீப்பு வந்துச்சு. எங்கயோ திருடு போனதுக்கு எங்கள இட்டுக்கினு போய் அடிச்சாங்க" என்றார். கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே காகிதத்தை அவர்கள் கண்ணெதிரில் எரித்துவிடுவதாகச் சத்தியம் செய்தேன். எரித்தும் விட்டேன். மிஷின் யாரிடமும் கோள் சொல்லாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

குடியிருப்பில் செங்கேணி அக்கா போன வாரம் காலமாகிவிட்டாள். மார்வலி. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் அண்ணன் பாண்டுரங்கன் உயிரோடு இருப்பதைச் சொன்னாள். சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டு ஓடினவராம். இருபது வருடமாக அந்தப் பெயரை அவள் வாயில் எடுத்ததே இல்லை. "தெள்ளார் தாண்டி கல்லு ஒடைக்கிற எடத்துல கீறான். அங்க அவன் பேரு அந்தோணி மேஸ்திரி. சர்ட்டிபிகேட் வாங்கிட்டானாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவள் தம்பி மகள் நதியா பிளஸ் டூ தேறி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. அந்தப் பெரியப்பாவின் சான்றிதழைக் காட்டினால்தான் அவளுக்குச் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் சீட்டு. சொன்னவளை மண்ணில் வைத்துவிட்டோம். மிச்சம் இருப்பது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான்.

ஏதாவது வழி சொல்லடி. பேச்சு வாக்கில் பெயரெல்லாம் போட்டு எழுதிவிட்டேன். படித்ததும் இதை எரித்துவிடு. நான் செய்த சத்தியம்.

உன் அம்மாவை மாகறல் பஸ்ஸில் பார்த்தேன். கண் ஆபரேஷன் ஆன பிறகு என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பயத்தோடு,
உன் ஞானம்

*

சைதாப்பேட்டை
17.6.2003

என் ஞானத்துக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்துப் படித்தேன். நீ சொன்னபடி எரித்தும் விட்டேன். கவலைப்படாதே.

முதலில், கம்ப்யூட்டருக்குத் தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையைப் போர்த்திவிட்டு ஓட்டுகிறீர்களா? உங்கள் சங்கத்து அருள்தாஸ் அண்ணன் அப்படிச் செய்யக்கூடியவர்தான். உறையை எடு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வை. சூடு ஏறினாலும் நின்றுபோகும். அடுத்து, எல்லாவற்றையும் பிளாப்பியில் நகல் எடு. அதைச் செய்துவிட்டு மற்ற வேலையைப் பார்.

இன்னொன்று. இதை மட்டும் மறக்காதே. பெட்டியோடு ஒரு சி.டி. வந்திருக்கும். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் வாங்கின நாள் போல ஆகிவிடும். நீங்கள் ஏற்றியது ஒரு எழுத்துகூட மிஞ்சாது. எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், அதில் இருக்கும் வரிசைப்படிதான் பேச வேண்டும். எதற்கும் சரிவராவிட்டால் கடைசி வரி, "சி.டி.யைப் போடுங்கள்." பாதிப் பேருக்கு அதைச் சொல்லித்தான் போனை வைக்கிறோம். யார் சொன்னாலும் நீ போடாதே.

இங்கே எனக்குப் பெயர் மாலா. மலர்க்கொடி நீளமாம். பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. தெரிந்தவர்களோடு பேசினால் அன்றைக்கே கணக்கு முடிந்தது. இந்து என்று ஒரு பெண், லைனில் வந்த அத்தை மகனிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்டாள். மறுநாள் அவள் நாற்காலி காலி. அதனால் கம்பெனிக்குப் போன் செய்தால் நான் எடுப்பேன் என்று எதிர்பார்க்காதே, அறுபது பேர் இருக்கிறோம். எடுத்தாலும் உன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். தினமும் பயந்துகொண்டேதான் அந்தக் கட்டடத்துப் படி ஏறுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே, மகள் ஆபீஸில் ராணி மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்
மலர்

*

காவாந்தண்டலம்
3.7.2003

மலருக்கு,

உறையை எடுத்ததும் இரண்டு நாள் நன்றாக ஓடியது. உன் புத்தியை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் நின்றது. பிளாப்பி போட்டால் கடகடவென்று சத்தம் வருகிறதே தவிர எதுவும் ஏறவில்லை. காஞ்சிபுரத்தில் பிரித்துப் பார்க்கலாம் என்றால், "சீல் ஒடைஞ்சா வாரண்டி பூடும்மா" என்று அருள்தாஸ் அண்ணன் ஒரே பிடிவாதம். செவ்வாய்க்கிழமை அவரே கம்பெனி நம்பரைச் சுழற்றி என் கையில் கொடுத்தார். நாற்பது நிமிடம் பாட்டு ஓடியது. அப்புறம் ஒரு பெண், "வணக்கம், நான் மாலா பேசுகிறேன்" என்றாள்.

அது நீதானே?

"மலர்!" என்று கத்திவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேடம், கம்ப்யூட்டரின் வரிசை எண் சொல்லுங்கள்" என்றாய். எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்புகூட வந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது, மலர். அறுபது பேரில் ஆண்டவர் உன்னையே எடுக்க வைத்தாரே என்று நினைத்தேன். நீ சொன்னதையெல்லாம் செய்தேன். எதற்கும் அசையவில்லை. "தகவல்களுக்கு நகல் இருக்கிறதா மேடம்?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்படியென்றால் கம்ப்யூட்டரோடு வந்த சி.டி.யைப் போடுங்கள் மேடம்" என்றாய்.

உன் கடிதம் மேசை மேலேயே இருந்தது. "போட்டால் எல்லாம் போய்விடாதா?" என்று கேட்டேன். "இதற்கு இதுதான் தீர்வு மேடம்" என்றாய். கடிதம் இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதினது, குரல் இப்போது பேசுவது. இதற்கிடையில் நீ ஏதோ புது வழி கற்றுக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். மலர் எனக்குக் கெடுதல் சொல்வாளா? போட்டேன்.

இப்போது கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை.

குடியிருப்புப் பக்கம் மூன்று நாளாகப் போகவில்லை. சைக்கிளை ஊரைச் சுற்றி ஓட்டி வேறு வழியில் வருகிறேன். நதியா அலுவலகத்துக்கே வந்து, "எப்போ அக்கா லிஸ்ட்டு குடுப்பீங்க?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டாம். அது நீயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

ஞானசுந்தரி

*

காவாந்தண்டலம்
11.7.2003

மலர்க்கொடிக்கு,

பதில் இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. மற்ற குடும்பங்களை மறுபடியும் கேட்டுவிடலாம், செருப்படி வாங்கினாலும் பரவாயில்லை. நதியாவுக்கு யாரைக் கேட்பேன்? அவள் பெரியப்பா பெயர் பாண்டுரங்கன் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. ஊர் வந்தவாசிப் பக்கம், தேசூரா, தெள்ளாரா? அங்கே அவருக்கு வேறு பெயர். அந்தப் பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. மூன்று மாதத்தில் சில நூறு பெயர் கேட்டு எழுதினேன், எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. நேற்று யாருக்கும் சொல்லாமல் தேசூர் போய்க் கல் உடைக்கிற இடமெல்லாம் அலைந்தேன். பாண்டுரங்கன் என்று அங்கே ஒருவருமில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் செங்கேணி அக்கா முகம்தான் வருகிறது.

ஞானசுந்தரி

*

சைதாப்பேட்டை
15.7.2003
(பதிவுத் தபால்)

ஞானம்,

நான்தான்.

அன்றைக்கு என் பக்கத்தில் மேலதிகாரி இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கையில் மார்க் போடுகிற தாளோடு. நீ "மலர்" என்று கூப்பிட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போடாதே" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கை தவறினது போல லைனைத் துண்டித்திருக்கலாம். இரண்டும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, மறைக்க மாட்டேன். இந்துவின் காலி நாற்காலி நினைவுக்கு வந்தது. அம்மா நினைவுக்கு வந்தாள். நீ லைனிலேயே இருந்தாய், நீதான் நினைவுக்கு வரவில்லை. தாளில் இருந்த வரியைப் படித்துவிட்டேன். அந்த அழைப்புக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது மார்க். நடுவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததற்கு ஒன்று குறைத்தார்கள்.

உன் மூன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதிக் கிழித்தேன். "நான் இல்லை" என்றுகூட ஒன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். நேற்று உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் வந்தது. அந்தப் பெயர் வரவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் என் துணிப் பெட்டியைத் திறந்தேன்.

முதல் கடிதத்தை எரித்துவிட்டேன் என்று எழுதினேனே, அது பொய். ஹாஸ்டலில் தீக்குச்சி உரசினால் வார்டன் ஓடி வருவாள் என்பது ஒன்று. நீ எழுதின எதையும் எரிக்க எனக்கு மனசு வராது என்பது இன்னொன்று. படிக்கிற காலத்தில் நாம் ஹாஸ்டலில் ஒன்றாக இருந்தபோது நீ எழுதின சீட்டுகூட என்னிடம் இருக்கிறது. கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். செங்கேணி சொன்னது அப்படியே இருக்கிறது, ஊரும் பெயரும். தபாலில் தொலைந்துவிடப் போகிறதே என்று கடைசி நிமிடத்தில் பயம் வந்து, அந்த மூன்று வரியை மட்டும் என் கையாலும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை. நாளைக்கும் போவேன், அந்த வரியை நாளைக்கும் யாருக்காவது படிப்பேன்.

மலர்

*

காவாந்தண்டலம்
27.7.2003

மலருக்கு,

உன் பதிவுத் தபால் 17ஆம் தேதி மத்தியானம் வந்தது. என் எழுத்தையே யாரோ எழுதினது போலப் படித்தேன். அந்தோணி மேஸ்திரி. ஒரு வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட பெயர், என் கையெழுத்திலேயே.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குடியிருப்புக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தது போனதையும், சத்தியத்தை மீறிப் பெயர் போட்டு உனக்கு எழுதினதையும். கண்ணகி அக்கா வீட்டு வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். மாசி அண்ணன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு தெரிஞ்சே இன்னாத்துக்கு அப்டிச் சொல்லுச்சு?" என்று கேட்டார். பயந்துவிட்டாள், அண்ணா, வேலை போய்விடும் என்று பயம் என்றேன். "பயந்துக்கினாளா?" என்று தலையை ஆட்டினார். "ஜீப்பு சத்தம் கேட்டா நானு பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு கரும்புக்குள்ள பூந்துக்கினவன். அத நானு இன்னா சொல்றது" என்றார். அவ்வளவுதான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கண்ணகி அக்காவும் நதியாவும் நானும் தெள்ளார் போனோம். அவரைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கச்சி செத்துப்போனது அவருக்குத் தெரியாது. கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களோடேயே பஸ் ஏறினார். விசாரணையில் ஆர்.டி.ஓ. அதையும் நதியாவையும் மாறி மாறிப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார், முப்பதாம் தேதிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கையில் வாங்குகிற வரைக்கும் எனக்குப் பயம்தான்.

மற்ற நாற்பது குடும்பத்தையும் விசாரணைக்கு முந்தின இரண்டே நாளில் மறுபடி எழுதினோம். இந்தத் தடவை நோட்டுப் புத்தகத்தில், பேனாவால். வீட்டுக்கு ஒரு நகல், அவரவர் கூரையில் செருகியிருக்கிறார்கள். எரிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கண்ணகி அக்கா தை மாசக் கதையெல்லாம் சொல்லவில்லை. "மாசி. எய்து" என்றாள்.

மாசி அண்ணன் உன்னை ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் பெரிய மனசுக்காரர், நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அலுவலகத்தில் போன் அடித்தால் இப்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "மேடம்" என்ற அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. உன் குரலைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, மலர். எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

அதனால் போன் செய்யாதே. எழுது. நான் எழுதுவதையும் எரிக்காதே.

ஞானம்