மோத்தியைச் சுட்ட தோட்டா

மச்சான், இன்று காலையும் உங்கள் தங்கை ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்தி வைத்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். சாமி அலமாரியில் ஊதுபத்தி செருகிவைக்கும் உங்கள் பித்தளைத் தோட்டாக்கூடு நின்ற இடத்தில் சாம்பல் மட்டும் வட்டமாகப் படிந்திருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கூட்டை என் கையில் கொடுத்தபோது கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். "மாப்ள, எல்லார் கண்ணுலயும் படுற எடத்துல வைங்க. கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க" என்றீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

நீங்கள் யாரிடமும் மறைத்ததே இல்லை. உங்கள் கையில் அந்த மேக்னம் ரைஃபிள் இருந்த காலத்தில் புதுத் தோட்டா வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பல் வர வேண்டும். சுட்ட கூட்டையே எடுத்துவந்து, டெய்ரி ஃபார்ம் பேட்டையில் உங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மறுபடி வெடிமருந்து அடைப்பீர்கள். யானை மாதிரிப் பெரிய உருப்படிக்கு முழு மருந்து. முழு மருந்தில் மானைச் சுட்டால் கறி சிதறிப்போகும் என்று மானுக்குக் குறைத்துப் போடுவீர்கள். மான் சுடுவது அப்போதே சட்டப்படி குற்றம்தான். அந்தக் கறியைச் சப்புக்கொட்டித் தின்றவன் நான். குறைத்துப் போட்டதற்கு அடையாளமாக அடியில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைப்பீர்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு, குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி எல்லாத் தோட்டாவையும் புளி தொட்ட துணியால் தேய்த்தீர்கள். தங்கமாக மின்னின. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மைப்பொட்டு போய், எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புப் பொட்டு. எது எந்த மருந்து என்று வைத்த வரிசையிலேயே தெரியும் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வாரமே மரம் வெட்டும் கேம்ப்பில் தடி இழுத்த யானை மோத்திக்கு மதம் பிடித்து, அது பாகனைக் கொன்றுவிட்டது. பெரிய துப்பாக்கி உங்களிடம்தான் இருந்தது என்று ஜீப் அனுப்பிக் கூட்டிப்போனார்கள். நெற்றிக்குக் குறி பார்த்துச் சுட்டது மானுக்குப் போட்ட மருந்து. யானை விழவில்லை. காட்டுக்குள் ஓடி ஓடைச் சேற்றில் போய்ப் படுத்தது. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தேடிப்போய் முழு மருந்தில் முடித்துவிட்டு வந்தீர்கள். ரைஃபிளைப் போலீசில் ஒப்படைத்தீர்கள். மான் கறி வாசனை வந்தாலே எழுந்து போவீர்கள். அந்த முதல் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம், "என் தப்பு. அது சாக ஒரு பகல் ஆச்சு" என்று சொல்வீர்கள்.

போன வாரம் நம் பெண்ணைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, வெள்ளிக்கிழமைதோறும் கோயில் யானைக்குக் கரும்பு கொடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்காரர் அலமாரியைக் காட்டி, "இது என்ன சம்பந்தி?" என்றார்.

"ஜப்பான்காரன் தீவப் புடிச்சிருந்த காலத்துது. கடற்கரையில கெடந்துச்சு" என்றேன்.

நாக்கு கூசவில்லை, மச்சான். அவர் ஆசையாகத் தடவிப் பார்த்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். சாம்பலைத் துடைத்து, "நீங்களே வச்சுக்குங்க" என்று கொடுத்தும்விட்டேன். உங்கள் தங்கை அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று ஏர்போர்ட்டிலிருந்து போன். பெட்டியில் தோட்டா இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்களாம். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். மேசை மேல் அந்தம்மாவின் சேலைகளெல்லாம் பிரித்துக் கிடந்தன. சம்பந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி கூட்டின் அடியிலிருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டி, "யே ஜப்பானி நஹி ஹை" என்றார். ஜப்பான்காரனுடையது இல்லையாம்.

"மேரே சாலே கா ஹை, சாப்" என்றேன். என் மச்சானுடையது என்று ஆரம்பித்து, மை, புளி, குங்குமம், ஓடை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பித் தமிழில் இன்னொரு முறை. எழுதி வாங்கிக்கொண்டு அவர்களை விட்டார்கள். கூடு திரும்பி வரவில்லை. விமானமும் போய்விட்டது.

"இத வீட்லயே சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்றார் அவர். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

அந்தம்மா சேலைகளை மடித்துக்கொண்டே, "அந்த யானைக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. எத்தனை தடவை நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் கேட்டேன். "மோத்தி" என்றாள். "அண்ணன் சாகுற அன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்லுச்சு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு போன் போட்டு அந்தம்மாவிடம் பெயரைச் சொன்னேன். ஊருக்குப் போய்க் கல்யாணத்துக்கு நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பெண்ணின் கல்யாணம் நின்றுபோகாமல் தப்பியது. என் வெட்கம் அப்படியேதான் இருக்கிறது.

சாப்பிடும்போது உங்கள் தங்கை ஒருவழியாக வாய் திறந்தாள். "பஜார்ல ஊதுபத்தி ஸ்டாண்டு கெடைக்கும். ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

வேண்டாம் என்றேன். ஸ்டாண்டைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தினமும் வாழைப்பழமே இருந்தால், ஒரு ஸ்டாண்டுகூட இல்லையா என்று யாராவது கேட்பார்கள். அப்போது உள்ளதைச் சொல்லிவிடுவேன்.