உங்கள் பெயருக்கு வந்த கூறைச் சீலை

அன்புள்ள அத்தான்,

வருகிற கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்டத்திவசத்துக்கு அக்கா இப்போதே ஆயத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். பத்திரிகையில் படத்தோடு நாலு வரி போடலாம் என்றார்கள். நாலு வரியில் உங்களோடு கதைத்து எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீங்களும் நானும் அக்கராயனில் ஒரே தபால் கந்தோரில் கடிதம் காவியவர்கள். இதை எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் வேலைச் செய்தி. உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நீங்கள் ஓடிய குளத்தடிப் பக்கமும் இப்போது என் தலையில்தான். அது கூடப் பரவாயில்லை. இந்தப் பார்சல்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

சண்டை நின்று கண்டிப் பாதை திறந்த புதிதில் ஒரு பெட்டி வந்தாலே நாங்கள் இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, நினைவிருக்கிறதா? இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் கொம்பியூட்டரில் படத்தைப் பார்த்துச் சாமானைத் தெரிந்து ஒரு அமத்து அமத்துகிறார்கள். கொழும்பில் கடைக்காரன் கட்டி அனுப்புகிறான். ஓமந்தையில் ஆமிக்காரர் சோதனைக்கு அவிழ்த்து, அரைகுறையாகக் கட்டி விடுகிறார்கள். மிச்சத்தை நான் பழைய சைக்கிள் ரியூப் வாரால் இறுக்கிக்கொண்டு உழக்குகிறேன். சைக்கிள் கரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, என் முதுகு மற்றப் பக்கம்.

ஒரு பிறந்தநாள் கேக் வந்தது. பெட்டியைத் திறந்தால் எறும்பு கொண்டாடிவிட்டது. பேச்சு வாங்கியது நான். பாக்கியம் மாமிக்கு மூத்த மகன் ரைஸ் குக்கர் அனுப்பினான். கரண்ட் இல்லாத வீட்டுக்கு! நான் வேர்த்து விறுவிறுக்கக் கொண்டுபோய் இறக்கினேன். மாமி அதற்குள் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறார்.

கடிதம் குறைந்துவிட்டது, அத்தான். முன்பு ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து, இன்னொரு வீட்டில் மாடு கன்று போட்ட கதை கேட்டுப் போவோம். இப்போது மணி அடி, இறக்கு, அடுத்த வீடு. பொருள் வந்த வீட்டிலும் சனம் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, "கடிதம் ஒண்டும் வைக்கேல்லையோ?" என்று என்னைத்தான் கேட்கிறது. நான் என்ன சொல்ல?

இனி உங்கள் சங்கதி. கொம்பியூட்டரில் வீட்டு இலக்கம், வீதி, ரெலிபோன் எல்லாம் கேட்குமாம். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கு இலக்கம்? அதனால் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே விலாசம் போடப் பழகிவிட்டார்கள்: 'இராசையா, தபால்காரர், அக்கராயன்.' இராசையாவுக்கு வந்தால் ஆளுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. ஆருக்கு என்பதைக் கடைக்காரன் உள்ளே ஒரு துண்டில் எழுதி வைப்பான். நெருப்புக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகும் அதே பெயர்தான் வருகிறது. ஒருமுறை போட்ட விலாசம் அந்தக் கொம்பியூட்டருக்குள் தங்கி நிற்குமாம். ஒவ்வொரு நாளும் உங்கள் பெயரைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். சில நாள் குளக்கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதும் இருக்கிறேன்.

பழைய போஸ்ட்மாஸ்ரர் என்னையே கையெழுத்து வைக்க விட்டார். புதிதாக வந்தவர் நல்ல மனிசன்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"காவுற ஆளே வாங்கின ஆளாயும் இருக்கேலாது, யோகன். பேருக்குரியவர் இல்லையெண்டால் அவற்ரை வீட்டாக்கள் வந்து கையெழுத்து வைக்கோணும். இல்லாட்டில் திருப்பித்தான் அனுப்புவன்."

அப்படிச் சொன்ன நேரத்தில் மேசையில் இருந்தது என்ன தெரியுமா? பாக்கியம் மாமியின் இளையவனுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். மூத்தவன் கனடாவிலிருந்து அனுப்பிய கூறைச் சீலை. உங்கள் பெயருக்கு.

உங்கள் வீட்டாக்கள் என்றால் அக்கா மட்டும்தான். பிள்ளை குட்டி இல்லை. நான் போய்ச் சொன்னபோது அக்கா குசினிக்குள் நின்றார். கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டார்.

"வேறை என்னவெண்டாலும் வாங்கித்தாறன், தம்பி. கூறையை நான் தொடக்கூடாது. வாழப்போற பிள்ளையின்ரை சீலையெல்லோ? நாளைக்கு அதுக்கு ஒண்டெண்டால் என்ரை கைதான் எண்டு சொல்லுவினம்."

"ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லாட்டிலும் நான் நினைப்பனே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்காவோடு இல்லை. ஆரோடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீங்கள் போன நாள் தொட்டு ஒரு நல்லது கெட்டதுக்கும் அவர் வீட்டுப் படலை தாண்டவில்லை. எதிரே ஆராவது பயணம் வெளிக்கிட்டால் ஒதுங்கி நிற்பார். இது உங்களுக்குத் தெரியுமா, அத்தான்? தெரிந்தால் பொறுத்திருப்பீர்களா?

நேரே பாக்கியம் மாமியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். மாமி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். குசினி வாசலில் நின்று தொடங்கினார்.

"கரண்ட் இல்லாத ஊருக்குக் குக்கர் அனுப்பினவன், செத்த மனிசன்ரை பேருக்குக் கூறை அனுப்பாமல் விடுவானே? அது கிடக்கட்டும். நீ வெளிக்கிடு, பிள்ளை."

"மாமி, நான் எப்பிடி..."

"என்ரை மனிசன் போய் எத்தினை வருசம்? நானும் உன்னைப் போலதான். நான் பெத்த பிள்ளையின்ரை கூறையை நான் தொடக்கூடாதெண்டால் பிறகு ஆர் தொடுறது? நான் தொடுவன். நீயும் தொடு. வா."

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். என் சைக்கிளில் ஏறவில்லை, இருவரும் நடந்தே கந்தோருக்கு வந்தார்கள். போஸ்ட்மாஸ்ரர் கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா நின்றபடியே உங்கள் பெயருக்கு நேரே தன் பெயரை எழுதினார். மலர்விழி இராசையா. பெட்டியை என்னிடம் தரவில்லை. மாமியின் வீடு வரைக்கும் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை அக்கா கலியாணத்துக்குப் போனார். பின்வரிசையில்தான் இருந்தார், ஆனால் போனார். கூறை உடுத்து வந்த பொம்பிளை பெரியவர்களின் காலில் விழுந்துகொண்டு வந்து அக்காவின் காலிலும் விழுந்தது. அக்கா பின்வாங்கப் பார்த்தார். மாமி பின்னால் நின்று முதுகில் கை வைத்திருந்தார். பிறகு அக்கா குனிந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிவிட்டார்.

இப்போது பார்சல் எல்லாம் அக்காவின் கையெழுத்தில்தான் வெளியில் வருகிறது. குளத்தடிப் பெட்டிகளை உங்கள் வீட்டு விறாந்தையில் இறக்கிவிடுகிறேன். சனம் வந்து எடுத்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடித்து, இருந்து கதைத்துவிட்டுப் போகிறது. என் முதுகும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

நேற்று மாமியின் மூத்த மகனிடமிருந்து இன்னொரு பெட்டி. மேலே 'மலர் அக்கா, தபால்கார இராசையா வீடு' என்று இருந்தது. முதல் முறையாக உங்கள் பெயர் இரண்டாவதாக வந்திருக்கிறது. அக்கா அதைக் கையால் தடவிப் பார்த்தார். எனக்குக் கவலையாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு வாக்குத் தருகிறேன், அத்தான். இனி இந்த ஊருக்குத் தாலி வந்தாலும், கூறை வந்தாலும், பிறந்த பிள்ளைக்குச் சட்டை வந்தாலும், முதலில் அதை அக்காவின் கையில்தான் கொடுப்பேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெட்டியைக் காவ என் சைக்கிளில் இடமில்லை.

உங்கள் பெயரை ஒரு வருடம் சுமந்த,
உங்கள் மச்சான்
யோகன்