கடைசி ஐந்து கட்டைகள்

கோலசிலாங்கூர்
4.8.1953

அன்பு மகள் நவமணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் முழங்காலில் நிற்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பயிற்சிக்காக லண்டனுக்கு விமானம் ஏறும் தங்கராஜு வாத்தியாரிடம் முறுக்கு டின்னுக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது படி, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்து சேர்ந்தது. பெரிய மண்டபத்தில் நீ எழுதிய பாட்டை நாற்பது பேர் பாடினார்களாம், நீயே ஆர்கன் வாசித்தாயாம், மலாயாவிலிருந்து வந்த இளம் இசையமைப்பாளர் என்று போட்டிருக்கிறான். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், தோட்டத்து ஆபீசுக்கு ஆணி விற்க வருகிறவனுக்குக்கூடக் காட்டுகிறார், தோட்டத்துக் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி என்ற கௌரவமெல்லாம் போய்விட்டது. பதினொரு வயதில் ரப்பர் பால் வாளிகள் மோதுகிற சத்தத்தை வைத்து நீ ஒரு பாட்டுக் கட்டியபோது, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர் இவர்தான். நான் எதையும் மறக்கவில்லை. ஆர்கன் வாசிக்கும்போது காலுறை போட்டுக்கொள். அந்த ஊர்க் கோவில்களில் தரை பனிக்கட்டியாக இருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய், எழுதினால் மட்டும் போதுமா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நீ அனுப்பிய சங்கீதப் பாட்டில், இடது கைச் சுண்டுவிரல் கடைசிக் கட்டையில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அமுங்கியே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா. நம் கோவில் ஆர்கன் பெட்டியில் அந்தக் கட்டை பேசவே இல்லை, அதோடு சேர்ந்த நாலும் ஊமை. பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். நீயோ, பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், துருத்தி முழுசாக விரியாவிட்டால் காற்று அதிகம் குடிக்கிற அடிக் கட்டைகள்தான் முதலில் அடங்கும், கீழ்ப் பலகையைக் கழற்றி எலி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள் என்று பதில் போட்டாய். போன சனிக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து கழற்றினேன். எலி இல்லை. துருத்தியின் இரண்டு பக்கமும் நீளநீளமாகத் தைத்த துணிப் பைகள், எட்டு இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். அரிசி. அரிசிக்கு நடுவில், காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு விமானத்திலிருந்து போடுகிறார்களே, சரணடைகிறவனைச் சுடமாட்டோம் என்று அச்சடித்த காகிதம், அது நாலாக மடித்து இருந்தது. பையின் துணி உன் பழைய நீலப் பூ கவுன். அதை நான்தான் தாயம்மாவுக்குக் கொடுத்தேன்.

கோவிலைக் கூட்டுகிற தாயம்மாவை உனக்குத் தெரியும், அவள் மகன் வீரன் உன்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சர்க்கார் தொழிலாளர் சங்கத்தை மூடிய வருடம் காணாமல் போனான். சிங்கப்பூரில் வேலை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். மாதத்து முதல் ஞாயிறு ஆர்கன் பெட்டியை லோரியில் ஏற்றிக் காட்டோரத்து மேல் டிவிஷனுக்கு ஆராதனைக்குக் கொண்டுபோவோமே, அந்த வழக்கம் இன்னும் நிற்கவில்லை. காட்டுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று முள்வேலி வாசலில் போலீஸ்காரர்கள் ஒருவரையும் சும்மா விடமாட்டார்கள், சோற்றுச் சட்டியைக் கிண்டுவார்கள், பிள்ளைத்தாய்ச்சி மடியைக்கூடத் தடவுவார்கள், சாமிப் பெட்டியை மட்டும் தொடமாட்டார்கள். லோரியில் அது ஆடாமல் பிடித்துக்கொண்டு வருகிறவள் தாயம்மா. எத்தனை மாதமாகவோ நான் அந்த அரிசிக்கு மேல் கைவைத்து ஸ்தோத்திரம் வாசித்திருக்கிறேன்.

தாயம்மாவைக் கூப்பிட்டு விட்டேன். பையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிராணியம்மா, அவன் காய்ச்சல்ல கெடக்கான், எறங்கி வந்துர்றேன்னு ஆள்கிட்ட சொல்லி வுட்டுருக்கான், நடக்கத் தெம்பு வர்ற வரைக்கும்தான் என்றாள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. வேலையாட்களை மேற்பார்த்த மண்டோரைப் போன வருடம் மரத்தில் கட்டிச் சுட்டவர்கள் அந்தக் காட்டுக் கூட்டம்தானே, அவர் மனைவி முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாசிக்கிற பாட்டைப் பாடுகிறாளே, இது வெளியே வந்தால் உனக்கு ஜெயில், எனக்கும் அப்பாவுக்கும் நாடு கடத்தி ஊருக்குக் கப்பல், லயத்துச் சனத்துக்கெல்லாம் தண்டனையாக ரேஷன் அரிசி பாதி என்று திட்டித் தீர்த்தேன். உன் கையாலேயே எடு என்றேன். அவள் வாயைத் திறக்கும் முன்னே மண்டோர் மனைவியே பூச்சாடியோடு உள்ளே வந்தாள். பலகையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. எடுத்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை லோரி வாசலுக்குப் போனால் புதிதாக ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் நிற்கிறான், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பெட்டியைச் சும்மா ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான், விட்டிருப்பான். உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா, பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டி, என் மகள் லண்டனில் ஆர்கன் வாசிக்கிறாள், பாட்டும் எழுதுகிறாள் என்று இங்கிலீஷில் பிரசங்கமே செய்துவிட்டார். அந்தப் பையனுக்கு முகம் மலர்ந்தது, அவனும் சின்ன வயதில் கோவில் பாட்டுக்குழுவில் பாடியவனாம். பெட்டியை இறக்குங்கள், அந்த அம்மாள் தன் மகள் பாட்டை வாசிக்கட்டும் என்றான். செம்மண் ரோட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன் நவமணி. கட்டை பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கேட்பான், பலகையைக் கழற்று என்பான். தாயம்மாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். பெடலை மிதித்துச் சுண்டுவிரலைக் கடைசிக் கட்டையில் வைத்தேன். பேசியது. இத்தனை மாதத்துக்குப் பிறகு அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி பேசியது. கடைசி வரை அந்த விரலை எடுக்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். இனி ஒவ்வொரு மாதமும் ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் பெட்டியை விடுவேன் என்று சிரித்தான், அப்பா அவனுக்குக் கை கொடுத்தார்.

மேல் டிவிஷனிலும் அதையே வாசித்தேன். ஜனங்கள் நல்ல பாட்டு என்றார்கள். தாயம்மா மட்டும் வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டை பேசுகிற வரை தன் மகனுக்குச் சோறு இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பி வரும்போது, பாட்டு நல்லா இருந்துச்சு கிராணியம்மா என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மண்டோர் மனைவி முகத்தைப் பார்க்கவும் கூசுகிறது. செய்யப்போவது சரியா என்று என்னைக் கேட்காதே, வீரன் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வரும் வரைக்கும்தான் என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ எனக்கு ஒரு பாட்டு எழுதி அனுப்ப வேண்டும். இடது கைப் பக்கம் கடைசி ஐந்து கட்டைகளைத் தொடாத பாட்டு. அந்த இன்ஸ்பெக்டருக்குக் காது இருக்கிறது, ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. செப்டம்பர் ஆறாம் தேதி முதல் ஞாயிறு, அதற்கு முன்னால் ஏர் மெயிலில் வந்து சேர வேண்டும். கூட ஒரு வரியும் எழுதாதே, பாட்டு மட்டும் போதும்.

கர்த்தர் உன் கைகளையும் நீ தங்கியிருக்கும் வீட்டில் உன் தூக்கத்தையும் காப்பாராக. காலுறையை மறக்காதே. இதை எரித்துவிடு.

உன் அம்மா
ஞானசுந்தரி